ஆறாவது புள்ளி

தர்மதாஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் கோபம்தான் வரும். பாவம் என்று தோன்றுவதெல்லாம் அப்புறம். எறும்பை மிதித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகம் தொங்கிப்போய்க் கிடக்கிற மனுஷன் அவர். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற ஆள். அப்படிப்பட்டவர் தலையில்தானா இது வந்து விடிய வேண்டும்?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏழெட்டு மைலில் ஒரு சமணக் கிராமம் அவருடைய ஊர். நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற பூமி. நயினார் என்று பட்டம் போட்டுக்கொள்கிற அந்தச் சமண வீடுகளில் பிள்ளை ஒருவன் எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்ததே அந்த ஊருக்குப் பெரிய சேதி. காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது, அதுவும் டெம்பரரி. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார். முன்கட்டில் வடிவு என்கிற நெசவுக்காரப் பெண்ணும் அவள் புருஷனும் இரண்டு தறிகளும். டாக்டர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரமாகும், லெக்சரராகவும் ஆகலாம். அதற்காகவே அறுபத்து நாலில், முப்பத்திரண்டு வயதில், மதராஸில் பேராசிரியர் நமச்சிவாயத்திடம் போய்ப் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிந்துகொண்டார்.

என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவருக்கு முகம் மலர்ந்துவிடும். "நம்ம உடம்புல கோடி கோடியா செல் இருக்குது இல்லியா, ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு சவ்வு இருக்குது. ரெண்டே அடுக்கு, முக்காவாசி கொழுப்புதான். அந்தப் பக்கம் தண்ணி, இந்தப் பக்கம் தண்ணி. நடுவுல இந்தக் கொழுப்பு மட்டும் இல்லேன்னா உயிர்னு ஒண்ணு தனியா நிக்கவே முடியாது" என்பார். கேட்டவர் "அப்படியா சாரே" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விடுவார். அவர் மனைவி தயாவதி மட்டும்தான் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்போ உயிருக்கு வேலி கட்டறதே கொழுப்புதானா?" என்றாள். அன்றைக்கு அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சவ்வைப் பிரித்தெடுக்க ரத்தம்தான் தோது. சிவப்பணுவை உடைத்துக் கழுவினால் சவ்வு தனியாக வந்துவிடும். மதராஸில் மற்றவர்களெல்லாம் ஆடு அறுக்கிற ஆடுதொட்டியிலிருந்து ரத்தம் வாங்கி வருவார்கள். தர்மதாஸ் ஒரு நாள் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வந்து வாந்தி எடுத்தார்.

"என்னால முடியாது சார்."

"அப்ப ரத்தத்துக்கு எங்கேய்யா போவே?" என்றார் நமச்சிவாயம்.

"என்கிட்ட இருக்குதே சார்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, தெருமுனை டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கந்தனிடம் போய்க் கையை நீட்டுவார். "இன்னா சாரே, ஊர்ல அவனவன் ஊசின்னா ஓடறான், நீங்க தேதி தவறாம வந்து குத்திக்கினு போறீங்க" என்று கந்தன் கிண்டல் செய்வான். ஒன்பது வருஷம் அப்படி நீட்டினார். மதியத்தில் கல்லூரி லேபில் சோதனை, மறுநாள் சனிக்கிழமை குழாய்களைத் துணியில் சுற்றிக்கொண்டு மதராஸ் பஸ். பொழுது சாய்ந்தால் சமணர்கள் சாப்பிடக் கூடாது என்பதால் திரும்பி வரும்போது பூந்தமல்லி தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே சோற்றுத் தூக்கைத் திறந்துவிடுவார்.

இனிமேல்தான் விஷயம். நயினார் வீடுகளில் வடிகட்டாத தண்ணீரை வாயில் வைக்க மாட்டார்கள். துணியை மடித்துக் குடத்தின் வாயில் கட்டித்தான் ஊற்றுவார்கள். துணியில் தங்கியதைக் கிணற்றுக்குள்ளேயே திரும்ப அலசி விடுவார்கள், கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது இருந்தால் பிழைத்துப் போகட்டும் என்று. பிறந்ததிலிருந்து அதில் பழகிய கை அவருடையது. குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்து ரத்தத்தில் ஊற்றினால் கொழுப்பு கரைந்து வந்துவிடும், மற்றதெல்லாம் திரிதிரியாக நிற்கும். அந்தத் திரியை எடுக்க வடிகட்டும் தாள் வேண்டும். சீமையிலிருந்து வருகிற அந்தத் தாள் காஞ்சிபுரத்தில் ஏது? மதராஸிலேயே எண்ணி எண்ணித்தான் கொடுப்பார்கள். இவர் கை தானாகத் துணியைத் தேடிப் போனது.

முதலில் பழைய வேட்டித் துணியில் செய்து பார்த்தார். குழாயெல்லாம் பஞ்சு. முன்கட்டு வடிவுதான் வழி சொன்னாள். "பருத்தி ஆவாது வாத்தியாரே. சாயம் ஏத்தாத வெள்ளைப் பட்டு தரேன், அதுல ஊத்திப் பாருங்க. தண்ணிதான் போவும், தூசி போவாது." தறியில் அறுத்து மிஞ்சிய துண்டுகள் அவளிடம் எப்போதும் இருக்கும். தயாவதிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. கல்யாணத்தன்றைக்குத் தவிர பட்டு உடுத்தாதவள் அவள்.

"ஆயிரம் புழுவைக் கொன்ன துணிங்க அது."

"உடுத்திக்கவா கேக்கறேன்? கிழிசல்தானே தயா. நாம கொன்னது இல்லியே."

அதற்கப்புறம் அவளே கத்தரித்து, ஓரம் மடித்து, கையால் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ரத்தம் பட்ட துணி மறுபடி ஆகாது என்று ஒவ்வொரு தடவைக்கும் புதுத் துணி. எத்தனை சுத்தம் பாருங்கள்! அந்தச் சுத்தம்தான் ஆளைக் கவிழ்த்தது.

வடிகட்டியதில் ஒரு சொட்டை எடுத்து, வெள்ளையாக சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டின் அடியில் வைத்து, தட்டை ஒரு ஜாடிக்குள் நிறுத்துவார். ஜாடியின் அடியிலிருக்கிற கரைசல் தட்டில் ஏற ஏற, கலந்திருந்த கொழுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் பிரிந்து நிற்கும். அயோடின் ஆவியில் காட்டினால் பழுப்பாகப் புள்ளிகள் தெரியும். சிவப்பணுச் சவ்வுக்கு இந்தத் தட்டில் ஐந்து புள்ளி வர வேண்டும் என்பதுதான் கணக்கு. தர்மதாஸுக்கு ஆறு வந்தது.

முதல் தடவை அழுக்கு என்று நினைத்தார். அந்த நினைப்போடு நின்றிருக்கலாம். மறுபடி வந்தது. எத்தனை தடவை செய்தாலும் அதே உயரத்தில் வந்தது. முருங்கைக்கீரையில் செய்தார், வந்தது. மதராஸில் யாரோ குழாயில் கொடுத்த ஆட்டு ரத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வந்து செய்தார், அதிலும் வந்தது. ஒருவேளை குளோரோஃபார்மிலேயே ஏதாவது இருக்குமோ என்று அதை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தார். வரவில்லை. சுத்தமான குளோரோஃபார்மில் வடிகட்ட என்ன இருக்கிறது? அதனால் அதை அவர் வடிகட்டவில்லை.

"எல்லாச் சவ்வுலயும் இருக்குது சார். செடிக்கும் ஆட்டுக்கும் மனுஷனுக்கும் பொதுவா ஒரு கொழுப்பு, இது வரைக்கும் யாரும் பாக்காதது" என்று நமச்சிவாயத்திடம் சொன்னார். பெரியவர்கள் ஓதி ஓதிச் சொன்ன ஒன்று தன் கண்ணாடித் தட்டில் வந்து நிற்பதாக அவருக்குள் ஒரு நினைப்பு. எல்லா உயிரும் உறவு என்பதற்கு அந்தப் புள்ளி சாட்சியாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டார், தயாவதியிடம் மட்டும் சொன்னார்.

நமச்சிவாயத்தின் லேபில் மயில்வாகனம் என்று சேலத்துக்காரன் ஒருவன் இருந்தான். அவன் தாளில் வடிகட்டி இதே சோதனையைச் செய்தான். ஐந்துதான் வந்தது. திரும்பத் திரும்பச் செய்தும் ஐந்துதான். "உனக்குக் கை சரியில்லை" என்று நமச்சிவாயம் எல்லார் முன்னாலும் சொன்னார். தர்மதாஸ் பக்கத்தில் போய், "பதறாம செய்ங்க தம்பி, வரும்" என்று ஆறுதல் சொன்னார். ஆறுதலாம்! அவன் ஒரு வருஷம் முட்டி மோதிப் பார்த்தான். தனக்குத்தான் லாயக்கில்லை என்று நம்பிப்போய், ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஓர் உரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

எழுபத்தொன்றில் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் இரண்டு பக்கம் வந்தது. தர்மதாஸ் பெயர் முதலில், நமச்சிவாயம் பெயர் அடுத்து. தயாவதி அந்த இங்கிலீஷ் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என் துணியைப் பத்தி எழுதியிருக்குதா?"

"வடிகட்டினதுன்னு ஒரு வார்த்தை இருக்குது பாரு, இதோ."

அது போதாதா அவளுக்கு? முன்கட்டில் வடிவிடம் காட்டினாள், கிணற்றடியில் சொன்னாள், ஊருக்குப் போனபோது நாத்தனாரிடம் சொன்னாள்.

எழுபத்திரண்டு கடைசியில் தீஸிஸைச் சமர்ப்பித்தார். முழுக்க முழுக்க ஆறாவது புள்ளிதான் அது. மூன்று பரீட்சகர்களுக்குப் போய், மூவரும் நல்லபடியாக எழுதிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. ஏப்ரலில் வைவா, அதாவது நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், பெரும்பாலும் சடங்குதான். கல்லூரியிலும் லெக்சரர் இடம் ஒன்று அவருக்காகவே காலியாக வைத்திருந்தார்கள். இந்த நிலையில் ஜனவரியில் கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

தங்கள் கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தோம், பதினோரு முறை முயன்றும் ஆறாவது பொருள் எங்களுக்குக் கிடைக்கவில்லை, எங்கள் தவறு எங்கே என்று தெரிந்துகொள்ளத் தங்கள் செய்முறையை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் தவறு என்றுதான் எழுதியிருந்தார்கள், புண்ணியவான்கள்.

ஒன்றுவிடாமல் என்றால் தர்மதாஸ் ஒன்றுவிடாமல்தான் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜை முன் உட்கார்ந்தார். ரத்தம் எடுத்தது, கழுவியது, கரைத்தது எல்லாம் எழுதினார். நான்காக மடித்த பட்டுத் துணியில் வடிகட்டினேன் என்று எழுதி, கமா போட்டார். பேனா அங்கேயே நின்றது. முன்கட்டில் தறி தடதடத்துக்கொண்டிருந்தது.

அலமாரியில் தயாவதி தைத்து அடுக்கியிருந்த துணிகளில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு நடந்தார். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி லேபைத் திறந்தார். ரத்தம் இல்லை, கீரை இல்லை. வெறும் குளோரோஃபார்மையும் மெத்தனாலையும் கலந்து துணியில் ஊற்றி வடிகட்டினார். தட்டில் ஒரு சொட்டு வைத்து ஜாடியில் நிறுத்தினார். கரைசல் ஏறி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்து, வராதே, வராதே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தார். தட்டை அயோடினில் காட்டினார். ரத்தத்துக்குரிய ஐந்து புள்ளிகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. ஆறாவது மட்டும், அதே உயரத்தில், உருண்டையாக, அழகாக வந்து நின்றது.

வீட்டுக்கு வந்தவர் நேரே முன்கட்டுக்குப் போனார். வடிவு ராட்டினத்தில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பட்டுல எண்ணெய் ஏதாவது போடுவீங்களா வடிவு?"

"நாங்க எதுக்குப் போடறோம்? அதுலயே இருக்குது வாத்தியாரே. மைசூர்ப் பக்கம் கூட்டை வெந்நீர்ல போட்டுத்தானே நூல் எடுக்கறாங்க. உள்ள இருக்கிற புழு வெந்து உடைஞ்சா அதோட கொழுப்பு நூல்ல ஏறிடும். இங்க சோப்பு போட்டு வேக வெச்சா போவும், முழுக்கப் போவாது. மழைக்காலத்துல மோந்து பாருங்க, வீச்சம் அடிக்கும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன்மா" என்றார். ஒவ்வொரு தடவையும் புதுத் துணி, ஒவ்வொரு தடவையும் புதுக் கொழுப்பு.

ஓர் ஆட்டை நோகடிக்கக் கூடாது என்று ஒன்பது வருஷம் தன் கையைக் குத்திக்கொண்டவர், கடைசியில் உலகத்துக்கு எடுத்துக் காட்டியது வெந்து செத்த புழுவின் கொழுப்பு. அவர் பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடியில் குந்தி, முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார். அழுதது தெரியக் கூடாது என்றுதான்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தட்டைத் தாளில் சுற்றிக்கொண்டு மதராஸுக்குப் போனார். நமச்சிவாயம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, அவ்வளவுதான்.

"கனடாவுக்குப் பதில் போட்டுட்டியா?"

"இல்ல சார்."

"போடாதே. ரெண்டு லெட்டர் எழுதுவான், மூணாவது எழுத மாட்டான்."

"சார், இது தப்பு இல்லியா? அந்த மயில்வாகனம் செஞ்சதுதானே சரி. அவனைத்தானே நாம கை சரியில்லைன்னு..."

"தர்மதாஸ், உனக்கு என்ன வயசு?"

"நாப்பத்தொண்ணு சார்."

"இப்ப வாபஸ் வாங்கினா மறுபடி முதல்லேருந்து பதியணும். இன்னொரு ஒம்பது வருஷம். யார் உன்னை எடுப்பா? காலேஜ்ல அந்த இடம் உனக்காகக் காத்துக்கினு இருக்குமா? என் பேரை விடு. உன் பொண்டாட்டியை நினைச்சுப் பாரு." பிறகு தட்டை அவரே குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "முடிவு உன்னோடது. நான் தடுக்க மாட்டேன்."

தடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் யார்தான் என்ன செய்வது! தர்மதாஸ் ஒரு முடிவு எடுத்தார். தானாகப் போய்ச் சொல்லத் தைரியமில்லை. வைவாவில் வடிகட்டியதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது. இதற்கு முடிவு என்றா பெயர்? ஆனாலும் மூன்று மாசம் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார்.

ஏப்ரலில் வைவாவுக்குப் போனபோது துணி ஒன்று சட்டைப் பையில் இருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த வெளிப் பரீட்சகர் வயதானவர், சாந்தமாகப் பேசினார். தட்டைப் பற்றிக் கேட்டார், கரைசலின் விகிதம் கேட்டார், உயரத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ரத்தமெல்லாம் யாருடையது?"

"என்னுடையதுதான் சார்."

"ஒன்பது வருஷமுமா?"

"ஆமாம் சார். நாங்க சமணர்."

அந்தக் கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேறு ஏதாவது நீங்களாகச் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

இதைவிடக் கதவை எப்படித் திறந்து வைப்பார்கள்? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! தர்மதாஸ் வாயைத் திறந்தார். நமச்சிவாயம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தயாவதி காலையில் பஸ் ஏற்றிவிடும்போது, ஊரில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் தர்மதாஸ்.

டாக்டர் ஆகிவிட்டார். வேலை நிரந்தரமாயிற்று. கனடாவிலிருந்து இரண்டாவது கடிதமும் வந்தது. அதைப் பிரிக்காமலே மேஜை இழுப்பறைக்குள் போட்டார். நமச்சிவாயம் சொன்னபடியே மூன்றாவது வரவில்லை. தெருவில் "டாக்டர் சார்" என்று யாராவது கூப்பிட்டால் அவருக்கு உடம்பு கூசும். கந்தனைத் தவிர்ப்பதற்காக டிஸ்பென்சரி இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

ஜூனில் சொந்த ஊரில் சமணக் கோயிலான ஜினாலயத்தின் முன்னால் பந்தல் போட்டுப் பாராட்டு வைத்தார்கள். ஊர்ப் பெரியவர் பாகுபலி நயினார் பேசினார். "எத்தனையோ பேர் எத்தனையோ உயிரை அறுத்துப் படிச்சுப் பட்டம் வாங்கறாங்க. நம்ம பிள்ளை ஒரு புழு பூச்சிக்குக்கூடத் தீங்கு செய்யாம, தன் ரத்தத்தையே எடுத்து உலகத்துக்குப் புதுசா ஒண்ணைக் காட்டியிருக்குது" என்றபோது பெண்கள் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளைப் பட்டு, ஓரத்தில் மட்டும் மெல்லிய சரிகை. தயாவதி சொல்லி வடிவு வீட்டுத் தறியிலேயே நெய்தது அது. ஜூன் வெயிலில் அதன் வீச்சம் தர்மதாஸின் மூக்குக்கு ஏறியது. வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. பேசச் சொன்னார்கள். கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார்கள்.

பொழுது சாய்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தயாவதி பொன்னாடையைக் கட்டில்மேல் விரித்து, சாணால் அளந்து பார்த்தாள்.

"என்னாங்க, இதை மடிச்சுப் பெட்டியில வெச்சா யாருக்கு லாபம்? சரிகையை எடுத்துட்டுக் கத்தரிச்சா உங்க லேபுக்கு முப்பது வடிகட்டித் துணி வரும். இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு."

"இனிமே துணி வேணாம் தயா."

"ஏன்? தாள் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

அவள் முகம் சின்னதாகிப் போனது. துணியை மெதுவாக மடித்தாள். "போவட்டும். ஒம்பது வருஷம் என் கையால தெச்சது. என் துணியாலதான் எங்க வீட்டுக்காரர் டாக்டர் ஆனாருன்னு இன்னிக்குக்கூட அங்க நாலு பேர் கிட்ட சொன்னேன். தப்பா?"

தர்மதாஸ் ஒன்பது வருஷத்தில் அப்படி ஓர் உண்மையை வேறு யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. இல்லை, தப்பில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் குடத்தின் வாயில் துணியைக் கட்டித் தண்ணீரை வடிகட்டி, ஒரு சொம்பில் கொண்டுவந்து வைத்து, இலையைப் போட்டாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அவர் உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை.